தூங்கா நகரமும் தொலைந்துபோகும் கதைகளும்

தூங்கா நகரம் என்றவுடன் தமிழர் நினைவில் எழுவது மதுரை. விடியோ கேம் விளையாடும் இளைஞர்களுக்கோ அந்தப் பெயர் இன்னொரு நகரத்தையும் நினைவூட்டும். 2018 செப்டம்பர் 7 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்காக வெளியானது 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்' விளையாட்டு. அதே ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாதத்துக்கு ஒன்றாக மூன்று கூடுதல் கதைப் பகுதிகள் அதற்கு வந்தன. நியூயார்க்கில் நிகழும் அந்த மூன்றுக்கும் சேர்த்து வைக்கப்பட்ட பெயர் 'தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ்'. தூங்கா நகரம் என்பதே அதன் பொருள்.

மூலக்கதை முடிந்த பிறகும் அதன் நாயகனை வைத்து மேலும் கதை சொல்லி, அதைத் தனி விலைக்கு விற்பதை விளையாட்டுத் துறையில் 'டிஎல்சி' என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். பிரதான விளையாட்டை வைத்திருப்பவர் கூடுதல் பகுதியைப் பதிவிறக்கம் செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பைடர்-மேனின் மூன்று பகுதிகளும் தனித்தனியே வாங்கினால் ஏறத்தாழ 10 டாலர். மொத்தமாக வாங்கினால் 25 டாலர். முதல் பகுதி முடியும் இடத்தில் கதை அந்தரத்தில் நிற்கும். முடிவை அறிய விரும்புவோர் அடுத்ததை வாங்கியே தீரவேண்டும்.

இந்த உத்தி மதுரைக்குப் புதிதல்ல. வியாச பாரதத்தில் இல்லாத அல்லி, 'அல்லி அரசாணி மாலை'யில் மதுரையை ஆளும் அரசியாக வருகிறாள், அர்ச்சுனனை அலைக்கழிக்கிறாள். அவளைத் தொடர்ந்து பவளக்கொடி வந்தாள். அல்லியின் மகன் புலந்திரனுக்கும் தனிக்கதைகள் பிறந்தன. பெருங்கதை முடிந்த பின்னும் கேட்போரின் ஆவல் தீராதபோது கிளைக்கதைகள் முளைப்பது இயல்பு. பெரிய எழுத்துப் புத்தகங்களாக அவை சந்தைகளில் விற்கப்பட்டன. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் வழியாக மேடையேறி, இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடிக்கப்படுகின்றன.

ஆகவே, கிளைக்கதையைக் காசுக்கு விற்பதில் குறைகாண ஏதுமில்லை. அன்றும் புத்தகம் விலைக்கே விற்றது. நாடகக் கலைஞர்களும் ஊதியம் பெற்றே நடித்தார்கள். ஆனால், வாங்கிய கதை வாங்கியவரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்னும் கேள்வி அன்று எழவில்லை, இன்று எழுகிறது.

'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' விளையாட்டின் கதி இதற்கு நல்ல உதாரணம். 2020 செப்டம்பரில் வெளியான அந்த விளையாட்டு, பல ஆண்டுகளுக்குப் புதிய நாயகர்களையும் கதைகளையும் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வளரும் என்று அறிவிக்கப்பட்டது. கேட் பிஷப், ஹாக்ஐ கதைகள் வந்தன. 2021 ஆகஸ்ட்டில் பிளாக் பேந்தரை மையமாகக் கொண்ட 'வார் ஃபார் வகாண்டா' வந்தது. ஆனால், எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. 2023 மார்ச் மாதத்துடன் புதிய சேர்க்கைகள் நின்றன. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் இணைய விற்பனையும் முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட வழிவைத்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால், அந்தக் கதையை இனி இணையக் கடையில் புதிதாக ஒருவர் வாங்க முடியாது. வெளியாகி மூன்றே ஆண்டுகளில் ஒரு படைப்பு சந்தையிலிருந்து மறைந்துவிட்டது.

சூப்பர் ஹீரோ விளையாட்டுகளில் இந்த ஆபத்து சற்றே அதிகம். நாயகன் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். விளையாட்டை உருவாக்குவது இன்னொரு நிறுவனம். இரண்டுக்கும் இடையில் இருப்பது காலவரையறை கொண்ட உரிம ஒப்பந்தம். அது முடிந்தால் விளையாட்டு கடையை விட்டு இறங்க வேண்டியதுதான். 2013-இல் வெளியான 'டெட்பூல்' விளையாட்டு ஒருமுறை இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2015-இல் திரும்பி வந்து, 2017-இல் மறுபடியும் நீக்கப்பட்டது. நாயகன் சாகாவரம் பெற்றவன். அவன் கதைக்கு மட்டும் காலாவதித் தேதி உண்டு.

மதுரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள சிவகாசியில், 1972-இல் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி' என்னும் பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதுவும் வெளிநாட்டு நிறுவனத்திடம் உரிமம் பெற்ற படைப்புதான். உரிமம் காலாவதியானால் புதிய பிரதி அச்சிட முடியாது; விற்ற பிரதியை யாரும் திரும்பப் பெற முடியாது. ஐம்பது ஆண்டு பழைய இதழை இன்றும் ஒருவர் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். பதிவிறக்கம் செய்த கதைக்கு இந்த மூன்றில் பின்னிரண்டு உரிமைகள் இல்லை. முதலாவதும் நிறுவனத்தின் சர்வர் இயங்கும்வரை மட்டுமே என்ற நிலை பல விளையாட்டுகளில் இருக்கிறது.

இணைய விளையாட்டுகள் குறித்து நம் நாட்டில் விவாதம் நடக்காமலில்லை. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவற்றை முறைப்படுத்தச் சட்டம் தேவை என்று வலியுறுத்தியது. அதன் பின்னர் மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. பல குடும்பங்களைச் சீரழித்த சூதாட்டத்தைத் தடுக்க இவை அவசியம் என்பதில் ஐயமில்லை. எனினும், இந்த விவாதம் முழுவதும் பந்தயப் பணத்தைச் சுற்றியே நடந்தது. பந்தயம் கட்டாமல், நேர்மையாக விலை கொடுத்துக் கதை வாங்கும் நுகர்வோருக்கு என்ன பாதுகாப்பு என்பது பேசப்படவே இல்லை.

பிற நாடுகள் இதைப் பேசத் தொடங்கிவிட்டன. 2024 மார்ச்சில் 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் மூடப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதை இழந்தனர். அதை எதிர்த்துப் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கையில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், திரும்பப் பெறத்தக்க உரிமத்தை விற்கும் நிறுவனம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

இந்தியாவிலும் அடித்தளம் இருக்கிறது. ஒரு தரப்பு, நியாயமான காரணமின்றித் தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடமளிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. நிறுவனம் எங்கிருந்தாலும், தான் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கும் உரிமையை அச்சட்டம் நுகர்வோருக்குத் தருகிறது. மாநில நுகர்வோர் ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இயங்குகிறது. போலி அவசரம் காட்டுதல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துதல் உள்ளிட்ட 13 இணைய ஏமாற்று உத்திகளைத் தடை செய்யும் வழிகாட்டு நெறிகளும் 2023 நவம்பர் 30 அன்று வெளியிடப்பட்டன. ஆனால், நீங்கள் வாங்குவது பொருளா, தாற்காலிக உரிமமா என்பதை விலைக்கு அருகிலேயே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பட்டியலில் இல்லை. இத்தகைய இணையச் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வசூலிக்கும் அரசுக்கு, விற்கப்படுவது என்னவென்று விளக்கச் செய்யும் கடமையும் உண்டு.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, கதை முழுமையானதா, முடிவை அறிய மேலும் வாங்க வேண்டுமா, இணையத் தொடர்பின்றி இயங்குமா என்ற மூன்று விவரங்கள் விலைக்குப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். இரண்டாவது, சர்வரை மூடும் முன் போதிய அவகாசம் அளித்து, தனித்து விளையாடும் பகுதியையாவது இணையமின்றி இயங்கும்படி மாற்றித்தர வேண்டும். மூன்றாவது, நூல்களுக்கு இருப்பதுபோல் இந்தப் படைப்புகளுக்கும் பொது ஆவணக் காப்பகம் வேண்டும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்தது.

சர்வரை என்றென்றும் இயக்கப் பணம் யார் தருவது என்று நிறுவனங்கள் கேட்பதில் நியாயமுண்டு. பலர் இணைந்து விளையாடும் அரங்கை நஷ்டத்தில் நடத்துமாறு யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால், ஒருவர் தன் வீட்டில் தனியே ஆடி முடிக்கும் கதைக்கு அந்த வாதம் பொருந்தாது. ஸ்பைடர்-மேனின் தூங்கா நகரக் கதைகளை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையமின்றியே ஆட முடிகிறது. ஒருவரால் முடிவது மற்றவராலும் முடியும்.

இன்று மதுரையிலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வளரும் பிள்ளைகளுக்கு நாயகர்களின் முதல் அறிமுகம் திரையிலும் கைப்பேசியிலும் நிகழ்கிறது. பாட்டி சொன்ன அல்லியின் கதை நமக்கு நினைவிருப்பதுபோல், தாங்கள் விளையாடிய கதையை அவர்களும் ஒருநாள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவார்கள். அல்லியின் கதை பல நூறு வாய்களிலும் பல்லாயிரம் பிரதிகளிலும் பரவியிருந்ததால் பிழைத்தது. அவர்களின் கதை ஒரே நிறுவனத்தின் ஒரே சர்வரை நம்பி இருக்கிறது. அந்த சர்வர் அணையும் முன் சட்டம் விழித்துக்கொள்ள வேண்டும்.