சாய்ந்த மரமும் சாயாத சங்கமும்



2005-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8, 9 ஆகிய நாட்களில் சுவீடன் நாட்டின் தென்பகுதியைக் ‘குட்ருன்’ என்னும் புயல் தாக்கிற்று. ஓர் இரவு; ஒரே இரவு! விடிந்தபோது ஏறத்தாழ 7 கோடியே 50 இலட்சம் கன மீட்டர் மரம் மண்ணில் கிடந்தது. அந்நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் மரத்திற்கு ஏறக்குறைய ஈடான அளவு அது.

அந்தக் காடுகள் யாருடையவை? பெருமுதலாளிகளுடையவையா? அல்ல; அவற்றில் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தமானவை. பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டும் தொழில் அது. எல்லோருடைய மரமும் ஒரே நாளில் விழுந்து, எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் விலை என்னவாகும்? அறுவடைக் காலச் சந்தையை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. காத்திருக்கலாமென்றாலோ, கோடையில் பட்டைக்கடியில் வண்டு புகும், பூஞ்சை பற்றும், பிழைத்து நிற்கும் மரத்தையும் வண்டு விட்டுவைக்காது.

இந்த இக்கட்டில் உழவனுக்குத் துணை நின்றது, 1938-இல் தோன்றிய ‘சோத்ரா’ என்னும் வன உடைமையாளர் கூட்டுறவு. ஏறத்தாழ 50,000 உறுப்பினர்கள். காடு பெரிதாயினும் சிறிதாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. மரம் அறுக்கும் ஆலைகளும் காகிதக்கூழ் ஆலைகளும் அதற்கே சொந்தம். ஆகவே, தரகன் வாசலில் தனித்து நின்று கையேந்தும் நிலை உறுப்பினருக்கு இல்லை.

தென்சுவீடனெங்கும் மரத்தை மலைபோல் அடுக்கி இடையறாது நீர் தெளித்தனர். நனைந்த மரத்தை வண்டும் பூஞ்சையும் அண்டுவது அரிது. பிஹோல்மா என்னும் பழைய விமானத் தளத்தில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் கன மீட்டர் மரம் காக்கப்பட்டது.

குறையே இல்லையா? உண்டு. விழுந்த மரங்களை அகற்றும் பணியில் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டுகளில் நின்ற மரங்களையும் வண்டு அழித்தது. புயலில் மிகுதியாகச் சாய்ந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே பெரும்பாலோர் மீண்டும் நட்டனர். விழுந்ததை மீட்டவர்கள், விழாதபடி நடும் பாடத்தை முழுமையாகக் கற்கவில்லை.

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கரை கடந்த ‘கஜா’வை மறந்திருக்க மாட்டீர்கள். சாய்ந்த தென்னையை அகற்றவும் கூலி தேடி அலைந்தான் உழவன். மட்கும் தென்னையில்தான் காண்டாமிருக வண்டும் பெருகுகிறது. அவனிடம் உழைப்பு இருந்தது. சேர்ந்து அறுக்க ஆலையும், சேர்ந்து விற்கச் சங்கமும் இருந்தனவா?

புயல் வந்தபின் நிவாரணம் கேட்பது நம் உரிமை. புயல் வருமுன் ஊர்தோறும் கூட்டுறவைக் கட்டுவது நம் கடமை. சோத்ரா, குட்ருனுக்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணியதை உங்கள் ஊரில் தொடங்குங்கள்!