எல்லாவற்றுக்கும் ஏஎச்சிஐயா?

விண்டோஸ் போடப் பென்டிரைவைச் செருகி, மொழியைத் தேர்ந்து, உரிம விசை கேட்கும் பக்கத்தையும் தாண்டி வந்தாயிற்று. எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது. பெட்டிக்குள் மூன்று டிஸ்க் இருப்பது நமக்குத் தெரியும், நிறுவிக்குத் தெரியவில்லை. இந்த நேரத்தில் யாருக்குப் போன் போட்டாலும் ஒரே பதில்தான்: "பயாஸ்ல ரெய்டுன்னு இருக்கும் பாருங்க, அதை ஏஎச்சிஐக்கு மாத்திடுங்க. அவ்வளவுதான்."

பல கணினிகளில் அது உண்மையிலேயே அவ்வளவுதான். ஒரே ஒரு எஸ்எஸ்டி, அதிலும் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றால் தாராளமாக மாற்றலாம். நானும் மாற்றியிருக்கிறேன். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் உள்ள கணினிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், அதே சீட்டை எழுதிக்கொடுக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

"டிஸ்க் தெரியலைன்னா செட்டிங் தப்பா இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். தப்பாக எதுவும் இல்லை. 2020இல் இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் வந்தபோது, அதுவரை சர்வர்களில் இருந்த விஎம்டி என்ற ஏற்பாடு மடிக்கணினிகளுக்கும் இறங்கி வந்தது. விஎம்டி இயங்கும்போது என்விஎம்இ டிஸ்க்குகள் நேரே கண்ணில் படாது, அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனைக் கேட்காமல் எந்த வீட்டில் யார் என்று தெரியாதல்லவா, அதுபோல. அந்த வாட்ச்மேனிடம் பேசத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் நிறுவியில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்காகத்தான் அதே பக்கத்தில் 'லோடு டிரைவர்' என்று ஒரு பொத்தானை வைத்திருக்கிறார்கள். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை இறக்கி, பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டு, அந்தப் பொத்தான் வழியாகக் காட்டினால் டிஸ்க் பட்டியலுக்கு வந்துவிடும். இஎக்ஸ்இ கோப்பை அப்படியே போட்டுவிட்டு "டிரைவரும் வேலை செய்யல" என்று கைவிரிப்பவர்கள் நிறைய. நிறுவி இஎக்ஸ்இயைப் பிரித்துப் பார்க்காது.

இது நேற்று முளைத்த தொல்லையும் இல்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவல் தொடங்கியதும் திரையின் அடியில் சில நொடிகள் மட்டும் எஃப்6 விசையை அழுத்தச் சொல்லும். அந்த நொடியைத் தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிடித்துவிட்டாலும் டிரைவரை பிளாப்பியில்தான் கேட்கும். பிளாப்பி டிரைவே இல்லாத புதுக் கணினிக்கு எங்கிருந்தோ ஒன்றைக் கடன் வாங்கி, பெட்டியைத் திறந்து மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் காலிப் பட்டியல் பழைய உறவுக்காரர் மாதிரி. விஸ்டாவில்தான் சிடி, பென்டிரைவ் வழியாகவும் டிரைவர் கொடுக்கலாம் என்று ஆனது.

அடுத்து, "மாத்தினா ஒண்ணும் ஆகாது" என்ற உத்தரவாதம். எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் இந்த உத்தரவாதத்தை நம்பினார்கள். அங்கே இருந்த கணினியில் விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, படம் பிடித்ததைப் போட்டுவைக்க 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. அந்த இரண்டையும் ரெய்டு 0 ஆக இணைத்து, ஒரே 4 டிபி டிஸ்க்காக வைத்திருந்தார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட வந்த பையன் காலிப் பட்டியலைப் பார்த்தான், ஏஎச்சிஐக்கு மாற்றினான். எஸ்எஸ்டி தெரிந்தது, விண்டோஸ் ஏறியது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. வீடியோக்கள் எங்கே என்று தேடப் போனபோதுதான் 4 டிபி டிஸ்க் இல்லை என்பது தெரிந்தது. இருந்தவை இரண்டு 2 டிபி டிஸ்க்குகள். ஒன்றில் ஏதோ பொருந்தாத பிரிவுகள், மற்றது வெற்று டிஸ்க் மாதிரி. டிஸ்க் மேனேஜ்மென்ட், "இதைப் பயன்படுத்த இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்று கேட்டது. அவன் ஓகே கொடுத்தான்.

ரெய்டு 0 ஒவ்வொரு கோப்பையும் 128 கேபி போன்ற சிறு துண்டுகளாக வெட்டி, இந்த டிஸ்க்கில் ஒன்று, அந்த டிஸ்க்கில் ஒன்று என்று மாறி மாறி எழுதும். எந்த டிஸ்க் முதலில், துண்டு எத்தனை கேபி என்ற குறிப்பை இன்டெல் ரெய்டு ஒவ்வொரு டிஸ்க்கின் கடைக்கோடியில் எழுதிவைக்கிறது. ஏஎச்சிஐக்கு மாற்றினால் அந்தக் குறிப்பு அழியாது, அதைப் படிக்க ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். அந்த நிலையில் பயாஸை மறுபடி ரெய்டுக்குத் திருப்பியிருந்தால் எல்லாம் பழையபடி வந்து நின்றிருக்கும். ஆனால் ஜிபிடி முறையில் இனிஷியலைஸ் செய்யும்போது, பிரிவு அட்டவணையின் ஒரு பிரதி டிஸ்க்கின் தொடக்கத்திலும் இன்னொரு பிரதி அதன் கடைக்கோடியிலும் எழுதப்படும். ரெய்டுக் குறிப்பு இருந்ததும் அந்தக் கடைக்கோடியில்தான். மாற்றியது போதாதென்று, ஒரு ஓகேயில் திரும்பி வரும் வழியும் அடைபட்டது. தரவு மீட்பவரிடம் கொடுத்துப் பெரும்பகுதியை எடுத்தார்கள். ஒரு கல்யாணம் மட்டும் முழுதாக வரவில்லை.

ரெய்டு என்ற பெயரை 1988இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர். அந்தக் கட்டுரை 1 முதல் 5 வரைதான் நிலைகளைச் சொன்னது. 0 அதில் கிடையாது. ஒரு டிஸ்க் போனாலும் தரவு மிஞ்ச வேண்டும் என்பதே அந்தப் பெயரின் பொருள், ரெய்டு 0இல் மிஞ்சுவது எதுவும் இல்லை. ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி, அந்த ஸ்டூடியோ பிழைத்திருக்கும். அதற்காக ரெய்டு 1ஐ பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். கைதவறி அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும்.

ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டே இன்னொன்றைப் பக்கத்தில் போட நினைப்பவர்களுக்கும் இதே சீட்டுதான். மாற்றிய பின் பழைய விண்டோஸ் நீலத்திரையில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றுவிடும், ஏனென்றால் ஏஎச்சிஐ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்ற அது தயாராக இல்லை. முதலில் எம்எஸ்கான்ஃபிகில் சேஃப் பூட்டைத் தேர்ந்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, பிறகு அந்தத் தேர்வை எடுத்தால் தப்பிக்கலாம். பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் பயாஸ் மாற்றத்தைக் கண்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று மாற்றச் சொல்பவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

பட்டியலில் டிஸ்க் வந்த பிறகும் ஒரு தடை உண்டு: "இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, இதில் நிறுவ முடியாது." உடனே "டிஸ்க்பார்ட்ல கிளீன் போடுங்க" என்பார்கள். அந்தக் கட்டளை பிரிவுகள் அனைத்தையும் துடைத்துவிடும். பல டிஸ்க் உள்ள கணினியில் டிஸ்க் 0 என்பது நீங்கள் நினைக்கும் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கொள்ளளவைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பிக் கட்டளை அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தி வீசுவது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் 'யூஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்; முன்னொட்டோடு உள்ளதில் ஏறினால்தான் எம்பிஆர் டிஸ்க்குக்கு இந்தத் தடை. பழைய விண்டோஸ் எம்பிஆர் முறையில் இருந்தால், 2017 முதல் விண்டோஸோடே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமலே மாற்றித் தரும்.

லினக்ஸ் பக்கம் மட்டும் ஏஎச்சிஐக்காரர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. விஎம்டிக்கு முந்தைய இன்டெல் கணினிகள் சிலவற்றில் ரெய்டு முறை என்விஎம்இ டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலருக்குள் ஒளித்துவைக்கும். அங்கே லினக்ஸ் கர்னலே பதிவேட்டில் "ஏஎச்சிஐக்கு மாற்று" என்று எழுதிவிடுகிறது. வேறு வழி இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் "லினக்ஸுக்கு ரெய்டே ஆகாது" என்று அதை நீட்டுவது தவறு. விஎம்டி டிரைவர் 2016 முதல் கர்னலில் இருக்கிறது, இன்டெல் ரெய்டுக் குறிப்பை எம்டிஅட்மின் என்ற லினக்ஸ் கருவி படிக்கும்.

கடைசியாக, நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் ஒரு கடை வழக்கம்: நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவைப்பது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் போட்டாலும், பக்கத்து டிஸ்க்கில் பழைய இஎஃப்ஐ பிரிவு இருந்தால் நிறுவி பூட் கோப்புகளை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடும். பழைய டிஸ்க்கைக் கழற்றி விற்ற அன்று புது விண்டோஸ் எழுந்திருக்காது. அப்படி ஆகிவிட்டால் மறுபடி ஃபார்மேட் அடிக்க வேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்து ஏறி, எஸ்எஸ்டியில் சில நூறு எம்பிக்கு இஎஃப்ஐ பிரிவு ஒன்றை ஃபேட்32 முறையில் உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுதவைத்தால் போதும். பத்து நிமிட வேலை.