சம்பளத்துக்கு ஒரு நீதி, லாபத்துக்கு ஒரு நீதியா?

பெறுநர்: மாண்புமிகு நிதி அமைச்சர் அவர்கள், இந்திய அரசு, புது தில்லி.
வழி: முதன்மைத் தலைமை ஆணையர், வருமான வரித் துறை, சென்னை.

அனுப்புநர்: மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களும் அடங்கிய எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு, மதுரை.

பொருள்: வருமான வரியில் சம்பளதாரர், குடும்ப ஓய்வூதியர் மீதான பாகுபாட்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.



வரியே வேண்டாம் என்று கேட்க நாங்கள் வரவில்லை. அரசுப் பள்ளியில் படித்து, அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் உறுப்பினர்கள். வரிப் பணம் எங்கே போகிறது என்பதை அறிவோம். 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையின்கீழ் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று அறிவித்ததை நன்றியுடன் ஏற்கிறோம். அந்த வரம்புக்கு மேலே இருப்பவர்களில் யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்குபவர், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, செஸ் உட்பட 2,92,500 ரூபாய் வரி கட்டுகிறார். அதே 24 லட்சத்தை ஆலோசனைக் கட்டணமாகப் பெறும் ஒரு தொழில்நுட்ப ஆலோசகர், உத்தேச வருமான முறையில் அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரி ஒரு ரூபாய்கூட இல்லை. அலுவலக வாடகை, உதவியாளர் சம்பளம் என்று அவருக்குச் செலவு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்தபடியே ஒரு மடிக்கணினியை வைத்து வேலை செய்பவருக்கும் அதே பாதித் தள்ளுபடிதான். சம்பளக்காரரின் பேருந்துச் செலவுக்கோ தொழில் நூல்களுக்கோ அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

இன்னும் மேலே போனால் வித்தியாசம் பெரிதாகிறது. 50 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு வரி சுமார் 11 லட்சம். பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று 50 லட்சம் லாபம் பார்த்தவருக்கு, வேறு வருமானம் இல்லாத நிலையில், 12.5 சதவீத விகிதப்படி 6 லட்சம்கூட வராது. கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிவிட்டதே என்பார்கள். அந்த வரியும் 2019 செப்டம்பரில் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து மீதான வரி 1985-இல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது. உழைத்து வாங்கும் சம்பளம் மட்டும் 30 சதவீதம் வரை முழு விகிதத்தில் நிற்கிறது.

எங்கள் வருமானத்தில் மறைப்பதற்கு இடமே கிடையாது. அடிப்படை ஊதியம் முதல் விடுப்புச் சம்பளம் வரை படிவம் 16-இல் பதிவாகிவிடுகிறது. பல அலுவலகங்களில் பிப்ரவரிச் சம்பளத்தின் பெரும்பகுதி வரிப் பிடித்தத்திலேயே போய்விடும். அந்த மாத வாடகைக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் மனு எழுதும் ஊழியர்களை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

எங்களை மிகவும் வருத்துவது குடும்ப ஓய்வூதியம். ஓய்வூதியருக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. அவர் காலமானபின் அவருடைய மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தைச் சட்டம் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் சேர்ப்பதால், கழிவு அதிகபட்சம் 25,000 ரூபாயாகச் சுருங்குகிறது. ஓய்வூதியமும் வங்கி வட்டியும் சேர்ந்து 12.5 லட்சம் பெறும் ஓய்வூதியருக்கு வரி இல்லை. குடும்ப ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து அதே தொகை பெறும் விதவைக்கு 26,000 ரூபாய் வரி. துணையை இழந்ததற்காக ஒருவர் கூடுதலாக வரி கட்ட வேண்டுமா? இந்தக் கழிவை 75,000 ஆக்க வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை.

அடுத்து, உத்தேச வருமான முறையில் செலவே இல்லாதவருக்கும் பாதியைத் தள்ளும் வழக்கத்தை மறுஆய்வு செய்ய வேண்டும். ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் போகும் மூலதன ஆதாயத்துக்குச் சம்பளத்துக்கு இணையான விகிதம் வேண்டும். அதற்குக் கீழே உள்ள சிறு முதலீட்டாளர்களைத் தொட வேண்டாம். அகவிலைப்படி உயர்வே ஊழியரை மேல் அடுக்குக்குத் தள்ளுவதால், வரி அடுக்குகளும் விலைவாசிக் குறியீட்டோடு ஆண்டுதோறும் நகர வேண்டும். பழைய முறையில் 10 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் என்ற கோடு 2012-13 முதல் அப்படியே நிற்கிறது.

விவசாய வருமானம் பற்றியும் ஒரு வார்த்தை. உழுது பிழைப்பவர் மீது வரி போடும்படி நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம். 1972-இல் கே.என். ராஜ் குழு பெரிய நில உடைமைகள் மீது வரி விதிக்கப் பரிந்துரைத்தது. அந்த அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. வேறு தொழிலில் வந்த பணத்தை விவசாய வருமானம் என்று எழுதுவோரின் கணக்கை நில ஆவணத்தோடு சரிபார்ப்பது மட்டும் தங்கள் துறையால் இன்றே முடியும்.

பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டங்களில் தொழில்துறை அமைப்புகளோடு சம்பளதாரர், ஓய்வூதியர் சங்கங்களையும் அழைத்துப் பேச வேண்டுகிறோம். மற்றவற்றுக்குக் காலம் எடுக்கலாம். குடும்ப ஓய்வூதியர் கழிவை மட்டுமாவது வரும் பட்ஜெட்டிலேயே உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.