அரிவாள்மணையை ஒளித்துவைக்கும் பிள்ளைகள்



குடும்ப வன்முறை பற்றிய பேச்சில் பிள்ளைகள் விடுபட்டுப்போகிறார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் அரிவாள்மணையை விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுத்தான் படுப்பாளாம். அவள்மீது ஓர் அடிகூட விழுந்ததில்லை. அதனால் ‘பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்கிறார்கள் உறவினர்கள். வகுப்பில் கதவைப் படாரென்று சாத்தினால் அவள் உடம்பு தூக்கிப்போடுகிறது.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பிள்ளைக்கும் பாதுகாப்பு ஆணை பெறலாம். பள்ளிக்கூடத்துக்குள் தந்தை நுழையவே தடை விதிக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். ஆனால் தெருவுக்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றால், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் தாயே எல்லாவற்றையும் மறுத்துவிடுவார். ‘ஏன் இன்னும் பிரிந்து வரவில்லை?’ என்று எடுத்த எடுப்பில் கேட்கும் ஆலோசகரிடம் மறுபடி பேசவும் மாட்டார்.

இந்தச் சிறுமி வாய் திறப்பது அம்மாச்சியிடம் மட்டும்தான். அப்படிப் பிள்ளை நம்புகிறவரை உடன்வைத்துப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். (‘அனுசரித்துப் போ’ என்று அடக்கும் உறவினரை அடையாளம் காணவும் தெரிய வேண்டும்.) ஒன்றியத்துக்கு ஒருவராவது, வட்டார வழக்கு அறிந்த குழந்தைகள் ஆலோசகரை, பள்ளிக்கே வந்துபோகும்படி அரசு நியமிக்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்