எந்த பார்டர்? எந்த லைன்?

போன மாதம் ஒரு சிறுகதைக் கலந்துரையாடலில், கதையில் வரும் பெண்ணைப் பற்றி நண்பர் ஒருவர், ‘அவ பார்டர்லைன், அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

இந்தச் சொல்லை 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் எழுதினார். நியூரோசிஸிலும் சேராத, சைக்கோசிஸிலும் சேராத நோயாளிகளை நடுக்கோட்டில் நிறுத்திவைத்த பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் 1980-இல் ஏறியது. இப்போது அதில் ஒன்பது அறிகுறிகள். ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 256 விதமாக ஒருவர் இந்தப் பெயருக்குள் வரலாம். இதே பெயர் வாங்கிய இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரேயொரு அறிகுறிதான் இருக்கவும் வாய்ப்புண்டு. இதை வைத்துத்தான் ‘அவ்வளவுதான்’ என்கிறோம்.

என் அத்தை மகளுக்கு முதலில் கிடைத்த பெயர் செய்வினை. அடுத்தது பைபோலார். மூன்று வருடம் மாத்திரை போட்டாள். பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இவளோ தோழி மெசேஜுக்குப் பதில் போடாவிட்டால் காலையில் செத்துப்போவாள், சாயங்காலம் சிரிப்பாள். எவ்வளவு நேரம், எதுக்கப்புறம் என்று யாரும் கேட்கவில்லை. கையில் இருந்த கீறல்களையும் அத்தை டாக்டரிடம் மறைத்துவிட்டார். போலீஸ் பயம். தற்கொலைக்கு முயன்றால் குற்றம் என்ற 309-வது பிரிவை மலேசியா 2023-இல்தான் நீக்கியது. அவளுடையது தற்கொலை முயற்சியே இல்லை என்பது வேறு விஷயம். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

மார்ஷா லினஹானுக்கும் இதுதான் நடந்தது. 1961-இல், பதினேழு வயதில் மருத்துவமனையில் சேர்த்து, ஸ்கிட்ஸோஃப்ரேனியா என்று சொல்லி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பின்னாளில் இந்த நோய்க்கான டிபிடி சிகிச்சையை உருவாக்கியதே அவர்தான். தன் கதையை 2011-இல்தான் வெளியே சொன்னார். சட்டென்று பற்றிக்கொள்ளும் பிறவி இயல்பு ஒரு பக்கம், நீ உணர்வதெல்லாம் பொய் என்று தள்ளும் சூழல் மறுபக்கம், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது அவர் சொல்லும் காரணம். அதனால் உடனே அம்மாக்கள்மேல் பாயவும் வேண்டாம். பரம்பரைக்கும் பங்குண்டு, சிறுவயதில் கொடுமை எதுவும் அனுபவிக்காதவர்களுக்கும் இது வருகிறது.

ஆனால் ‘ஓவர் சீன் போடாத’ என்பது நம் வீடுகளில் எத்தனை சரளமாக வருகிறது! இலக்கியக் கூட்டத்தில் அதையே கொஞ்சம் இங்கிலீஷில் சொல்கிறோம்.

ஃபேக்டரியில் ஒரு மெஷின் நின்றுபோனால், ‘அது அப்படித்தான்’ என்று நான் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க முடியாது. ஏன் நின்றது, முன்பு எப்போது நின்றது என்று தோண்டியாக வேண்டும். ஒரு கதாபாத்திரத்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா? நோய்ப்பெயரை ஒட்டியதும் வாசிப்பு நின்றுபோகிறது. பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் இந்த நோயின் வரையறையைவிட்டே வெளியே வந்திருக்கிறார்கள். நம் விமர்சனத்தில் அவளுக்கு அதற்கும் வழியில்லை.

அடுத்த கூட்டத்தில் அதே கதையை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாலாம் பக்கத்தில் அவள் அழும்போது அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுகிறாரே, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.