சர்வர் புதுசு, சரக்கு எங்கே?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துக்கள். என்ன பிராசசர், எத்தனை ஜிபி ராம், எவ்வளவு ஹார்ட் டிஸ்க் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்கியிருப்பீர்கள். நான் கேட்க நினைப்பது வேறு. பழையதில் இருந்ததை என்ன செய்தீர்கள்? இதுதான் உங்கள் முதல் கம்ப்யூட்டர் என்றால், போன வருஷம் மாற்றிய செல்போனை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்த படங்கள் எல்லாம் புதுப் போனுக்கு வந்து சேர்ந்தனவா?

இந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. ஒரு சர்வரை மாற்றப்போய் நான் தொலைத்தது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

செருப்பைக் கழற்றிய காலம்

1990-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனவர்களுக்கு முதல் பாடம், செருப்பை வாசலில் கழற்றுவதுதான். கரிசல் புழுதி எங்கும் ஏறும், கம்ப்யூட்டருக்குள்ளும் ஏறும். அதனால் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏசி, ஜன்னலுக்குக் கனத்த திரை. உள்ளே நாலைந்து மெஷின்கள். பச்சை எழுத்துத் திரை. பிளாப்பியைச் செருகி டாஸ் ஏற்றிவிட்டு வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் படித்தோம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். கரண்ட் போனால் அன்றைய பாடம் அத்தோடு சரி.

அங்கிருந்த பெரிய மெஷினில் 40 எம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதைப் பார்க்கவே பக்கத்து செண்டரிலிருந்து ஆள் வருவார்கள். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடும்.

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. முதலில் பெருநகரங்களில் மட்டும்தான். எங்கள் ஊரில் பிரௌசிங் செண்டர்கள் வர மேலும் சில வருஷங்கள் ஆயின. மோடம் கீச்சிட்டு முடித்து ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்குள், பக்கத்துக் கடைக்குப் போய்க் கடலை மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் அந்தத் திரையில் முதன்முதலாகத் தமிழ் எழுத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஆளுக்கொரு பாண்ட்

அந்தத் தமிழைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இதற்காக உட்கார்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை 1995-ல் தமிழ்.நெட்டைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மயிலை பாண்டைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார்.

நல்ல காரியம்தான். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது; எண்தான் தெரியும். அன்றைய பாண்ட்களில் மொத்தம் 256 இடங்கள். பலவற்றில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி இடங்களில் தமிழை வைக்க வேண்டும். எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஒரு பாண்ட் மாதிரி இன்னொன்று இல்லை. திஸ்கி என்ற குறியீட்டு முறையில் 171 என்றால் 'அ'. அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அதே 171 ஒரு மேற்கோள் குறியாகத் தெரியும். எழுதியவர் வீட்டில் அம்மா. படிப்பவர் வீட்டில் அர்த்தமில்லாத கிறுக்கல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும், தமிழ்99 கீபோர்டும் வந்தன. திஸ்கியும் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தது. கடைசியில் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது யூனிகோட். அதில் 'அ'வுக்கு 2949 என்ற எண், உலகம் முழுவதும் அதே எண். விண்டோஸ் 2000-லும் எக்ஸ்பியிலும் யூனிகோட் தமிழுக்கு வசதி வந்தபின், பாண்ட் தேடி அலைவது மெல்ல மெல்லக் குறைந்தது.

எங்கள் குழுவின் கதை

2000-களில் கரிசல் பக்கத்துக்காரர்கள் சிலர் ஒரு சிறு குழுவாக இன்டர்நெட்டில் சேர்ந்திருந்தோம். ஊரில் இருப்பவர்கள் பாதி, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பாதி. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டில் பெரியவர்கள் பேசும் சொற்களையும் விவசாயச் சேதிகளையும் அதில் எழுதி வைப்பது எங்கள் வேலை.

என் பங்கு, என் பாட்டி சொன்னவை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தூற்றலுக்கும் சாரலுக்கும் உழவு மழைக்கும் என்ன வித்தியாசம், மண்ணில் எத்தனை விரற்கடை ஈரம் இறங்கினால் ஏர் பூட்டலாம், எந்தக் காற்று அடித்தால் பருத்தி விதைக்கப் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். "எதுக்குய்யா இதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போடுத?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். 2007-ல் பாட்டி காலமானார்.

மறு வருஷம் எங்கள் சர்வர் திணறத் தொடங்கியது. ஒரு பக்கம் திறக்கவே நிமிஷக்கணக்கில் ஆனது. கூடிப் பேசினோம், பணம் போட்டோம், வேகமான புது சர்வருக்கு மாறினோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் இருந்தது. முதல் பக்கம் பளிச்சென்று திறந்தது. தலைப்புகளை நாங்கள் ஆங்கில எழுத்தில் வைத்திருந்ததால் அவை சரியாகவே தெரிந்தன. உள்ளே போய் யாரும் பார்க்கவில்லை. பழைய சர்வருக்கு ஒரு மாத வாடகையை வீணாகக் கட்டுவானேன், நிறுத்திவிடலாம் என்று சொன்னது நான்தான். நிறுத்தினோம். அங்கே இருந்தது அழிந்தது.

இரண்டு நாள் கழித்து ஒருவர் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்தார். தமிழ் இருந்த இடம் முழுவதும் கேள்விக்குறிகள். வரிவரியாக, பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள்.

குப்பை வேறு, கேள்விக்குறி வேறு

நடந்தது இதுதான். புது சர்வரின் டேட்டாபேஸைத் தமிழைத் தாங்கும்படி அமைக்காமலே பழையதை ஏற்றிவிட்டோம். தனக்கு இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துக்கொண்டது. கேள்விக்குறியின் எண் 63. 'அ' இருந்த இடத்திலும் 63, 'ம' இருந்த இடத்திலும் 63. எது எதுவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இதைப் புதியவர்கள் நன்றாகக் கவனியுங்கள். பழைய தமிழ் பைல் ஒன்றைத் திறக்கும்போது விநோதமான ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எண்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, பாண்ட்தான் இல்லை. சுரதாவின் பொங்கு தமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் கொடுத்தால் யூனிகோடாகத் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் கேள்விக்குறியாகத் தெரிந்தால், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சேவ் பட்டனைத் தொடாதீர்கள். மூலப் பிரதி வேறு எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு பிரதி பாதி கிடைத்தது. சிங்கப்பூரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யாரும் சொல்லாமலே, மாதாமாதம் எல்லாவற்றையும் சிடியில் எழுதி வைத்திருந்தார். 2006 கடைசி வரைதான் அவரிடம் இருந்தது. பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. பாட்டி கடைசி மாதங்களில் சொன்னவை அதற்குப் பிந்தியவை. அவை போனது போனதுதான். நான் மிச்சம் பிடித்தது ஒரு மாத வாடகை.

நன்றாக மாறியவர்களும் உண்டு

அப்படியானால் பழைய மெஷினையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? அப்படிச் சொல்லமாட்டேன். மாறித்தான் ஆக வேண்டும். பழைய சாப்ட்வேருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. எப்படி மாறுகிறோம் என்பதில்தான் விஷயம்.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று, கல்யாணசுந்தரம் தலைமையில், தமிழ் இலக்கியங்களை டைப் செய்து இலவசமாகக் கொடுப்பதற்காகத் தொடங்கிய தொண்டர் குழு அது. பல நாடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு டைப் செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். ஆரம்பத்தில் அன்றைய பாண்ட்களில் வந்த நூல்கள், பின்னர் திஸ்கிக்கு மாறின, அதன்பின் யூனிகோடுக்கு மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய நூல்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் அன்று டைப் செய்த நூலை இன்று உங்கள் போனில் படிக்க முடிகிறது.

இன்னொன்று விக்கிபீடியா. தமிழ் விக்கிபீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் விக்கிபீடியாவின் சர்வர்கள் பாரம் தாங்காமல் படுத்துவிட்டன. புது மெஷின் வாங்கப் பணம் வேண்டும் என்று ஜிம்மி வேல்ஸ் வாசகர்களிடமே கேட்டார். கேட்டதற்கு மேலேயே வந்தது. பயன்படுத்துகிறவர்களே பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்க் கண்மாய்க்கும் இதே வழக்கம்தானே? தண்ணீர் பாய்ச்சுகிற எல்லாரும் தூர் வாரவும் வர வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இலவசமாக வீட்டுப் பக்கம் அமைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். தமிழர்கள் எத்தனையோ பேர் குழு அமைத்துப் பேசிக்கொண்டிருந்த யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் முழுவதுமாக மூடப்பட்டது. முன்னறிவிப்பு கொடுத்துத்தான் மூடினார்கள். ஆனால் பழையதை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குத்தான் அந்த அறிவிப்பால் பலன். "இப்போ எல்லாம் கிளவுடில் இருக்கே அண்ணாச்சி" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கிளவுட் என்றால் வானத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கிறது. அந்த யாரோ ஒருவர் நாளைக்குக் கடையை எடுத்துக் கட்டலாம்.

விதைக்கு வைத்தது

கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி சாலையில் இடைசெவல் இருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். அழகிரிசாமி 1970-லேயே காலமாகிவிட்டார். அவர் நண்பருக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பின்னாளில் அவை புத்தகமாக வந்தன. வெறும் காகிதம்தான். சர்வர் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. இதைத் தொலைக்கக்கூடாது என்று நினைத்த ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே புதியவர்களுக்கு என் கருத்து இது. மெஷின் புதிதாவது மட்டும் முன்னேற்றம் ஆகாது. உள்ளே இருந்தது உங்களோடு வந்து சேர்ந்தால்தான் முன்னேற்றம். அதற்கு நாலு காரியம் செய்யுங்கள். முதலாவது, தமிழை யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். பழைய பாண்டில் இருப்பதை இப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, முக்கியமானதற்கு இரண்டு பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மூன்றாவது, புதியதற்கு மாற்றியபின் முதல் பக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நடுவிலிருந்து பத்துப் பைல்களைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள். நாலாவது, பழையதை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

கரிசல் வீடுகளில் தின்னும் கம்பையும் விதைக் கம்பையும் ஒன்றாகக் கலந்து வைக்கமாட்டார்கள். பஞ்ச காலத்திலும் விதைப் பானையில் கை வைக்கமாட்டார்கள். என் பாட்டிக்கு பேக்கப் என்ற சொல் தெரியாது. ஆனால் காரியம் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் படித்த எனக்குச் சொல் தெரிந்திருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை என்றால், டிவியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.