நாய் வாங்க 2,500 போதும், மச்சான்!

"ஆளுக்கு 2,500 மச்சான், அவ்ளோதான். ஒரு பர்த்டே ட்ரீட் காசு."

ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பித்த வாரம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட வசனம் இது. ஓஎம்ஆர் பக்கம் ஒரு டபுள் பெட்ரூம் வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு பேர் தங்கியிருந்தோம். பத்தாயிரம் ரூபாய்க்கு லேப்ரடார் குட்டி ஒன்று இருக்கிறதென்று வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு நான்கு பேரில் ஒருவனுக்கும் மூளை வேலை செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 45 நாள் வயசு. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். "இது இனிமே நம்மள விட்டுப் போகவே போகாதுடா" என்று ஒருவன் சொன்னான். அப்போ பேரு 'அரியர்'தான் என்று முடிவாயிற்று.

இப்போது எட்டாவது செமஸ்டர். நான்கு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. நான்கும் வேறு வேறு ஊர். அரியர் விழுப்புரத்தில் என் அம்மாவோடு இருக்கிறான்.

நாய் பிடிக்காதவன் எழுதும் கட்டுரை இல்லை இது. பிடித்ததால்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒரே விஷயம்: படித்துக்கொண்டிருக்கும்போதும், அதற்குப் பிறகு ஒரு ஊரில் ஒரு வேலையில் நிலைக்கும் வரையிலும், நாய் வாங்காதீர்கள். ஏன் என்று எங்கள் கணக்கைக் காட்டியே சொல்கிறேன்.

ஸ்பிளிட்வைஸ் சொன்ன உண்மை

இன்ஜினியரிங் பசங்க இல்லையா, எல்லாச் செலவையும் ஸ்பிளிட்வைஸில் போட்டு வைத்திருந்தோம். முதல் ஆறு மாதக் கணக்கு இது:

குட்டியின் விலை: 10,000
தடுப்பூசி, பூச்சி மருந்து: 4,200
சாப்பாடு: 15,000
பெல்ட், செயின், கிண்ணம், படுக்கை: 2,300
பார்வோ காய்ச்சலுக்கு வைத்தியம்: 13,500
உண்ணி மருந்து, ஷாம்பு: 2,400
தீபாவளி லீவுக்கு ஆறு நாள் டாக் ஹாஸ்டல்: 3,600
கடித்துக் குதறியவை (லேப்டாப் சார்ஜர், இரண்டு ஜோடி ஷூ, ஓனர் வீட்டுக் கதவு): 8,800

மொத்தம் 59,800. தலைக்கு 14,950. 2,500 என்று சொல்லித்தானே ஆரம்பித்தோம்? வாங்கிய விலை மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்குதான். எக்ஸாம் ஃபீஸ் கட்டவே அப்பாவுக்கு போன் போடும் நாங்கள், ஆறு மாதத்தில் அறுபதாயிரம் செலவழித்திருக்கிறோம்.

இது ஆறு மாதத்தோடு நிற்பதில்லை. வளர்ந்த லேப்ரடார் சுமார் முப்பது கிலோ எடை. சாப்பாடு, உண்ணி மருந்து, வருடாந்திரத் தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதம் 4,000 என்று குறைவாகவே வையுங்கள். பதினோரு வருடம் உயிரோடு இருந்தால் 5,28,000 ரூபாய். விலைவாசி ஏறாது, பெரிய நோய் எதுவும் வராது என்று நம்பிப் போட்ட கணக்கு இது.

பார்வோ வந்த வாரம்

பட்டியலில் 13,500 என்று ஒரு வரியில் போய்விட்டது. அந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

குட்டி வந்த மூன்றாவது வாரம் கோவளம் பீச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரீல்ஸ் எடுக்கத்தான், வேறெதற்கு? அப்போது முதல் டோஸ் மட்டும்தான் போட்டிருந்தது. ஒரு ஊசி போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. ஆறு முதல் எட்டு வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை டோஸ் தொடர வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. இந்தக் கோர்ஸ் முடியும் வரை மற்ற நாய்கள் புழங்கும் தரையில் குட்டியை விடவே கூடாது. நோயுள்ள நாயின் மலத்தில் வெளியே வரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். இதெல்லாம் குட்டிக்கு ரத்தப்பேதி ஆன பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எங்களுக்கு இன்டர்னல். காலையில் வாந்தி எடுத்தான். "பால் ஒத்துக்கல போல" என்று துடைத்துவிட்டுப் போய்விட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தால் வாஷிங் மெஷின் பின்னாடி சுருண்டு கிடக்கிறான். தரையெல்லாம் ரத்தம். பெயரைக் கூப்பிட்டால் வால் மட்டும் ஒரு தடவை அசைந்தது.

பார்வோவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றெல்லாம் இல்லை. ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று வராமல் ஆன்டிபயாடிக் போட்டு, உடம்பு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. பக்கத்திலிருந்த தனியார் கிளினிக்கில் ஐந்து நாள் ட்ரிப்ஸ் ஏறியது. மூன்றாவது நாள் ராத்திரி நான்கு பேர் அக்கவுன்ட்டையும் கூட்டினால் 1,100 ரூபாய். எங்களில் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "இன்னும் எவ்ளோ நாள்டா காசு போடறது?"

எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். ஆனால் அந்தக் கேள்வி நான்கு பேர் மனசிலும் இருந்தது. அவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான், அவ்வளவுதான். ஒரு உயிரைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று ஜிபே பேலன்ஸைப் பார்த்துக்கொண்டு யோசித்த அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் சீனியர் ஒருவரிடம் கடன் வாங்கினோம். அரியர் பிழைத்தான். எங்கள் புத்திசாலித்தனத்தால் இல்லை, அவன் அதிர்ஷ்டம்.

வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903 இல் தொடங்கிய கல்லூரி. தனியார் கிளினிக்கை விடச் செலவு ரொம்பக் குறைவு. அது பிறகுதான் உறைத்தது. ஆனால் ஓஎம்ஆரிலிருந்து நாயோடு வேப்பேரி போவது சாதாரண விஷயம் இல்லை. புக் பண்ணின ஆட்டோ நாயைப் பார்த்ததும் கேன்சல் ஆகும். போய்ச் சேர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய க்ளாஸ் அத்தனையும் போச்சு.

காசு பாதிக் கதைதான்

காலை 8:30க்கு க்ளாஸ், வீடு திரும்ப 4 மணி. குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு. யாருக்கு எப்போ ட்யூட்டி என்று டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் இவன் போட்டிருப்பான் என்று அவன், அவன் போட்டிருப்பான் என்று இவன். நடுவில் குட்டி பட்டினி. நான்கு பேர் சேர்ந்து வாங்கிய நாய் நான்கு பேருக்கும் சொந்தம் என்பது ரீல்ஸ் எடுக்கும்போது மட்டும்தான். வாந்தி அள்ளும்போது அது யாருடைய நாயும் இல்லை.

அவன் ஷூவைக் கடித்ததற்கு நாங்கள் கோபப்பட்டோம். ஏழு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பிராணி வேறென்ன செய்யும்? குரைத்தான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஓனருக்குப் புகார் போனது. "இந்திய விலங்குகள் நல வாரியமே 2015 இல் சொல்லியிருக்கு, அபார்ட்மென்ட் சங்கம் நாய் வளர்க்கக் கூடாதுன்னு தடை போட முடியாது" என்று எங்களில் ஒருவன் சட்டம் பேசினான். அது உண்மைதான். ஆனால் பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லும் ஓனரை என்ன செய்ய முடியும்? மே மாதம் வீட்டைக் காலி செய்தோம். அடுத்து ஏறி இறங்கிய ஒன்பது வீட்டிலும் முதல் கேள்வி, "பேச்சுலர்ஸா?" இரண்டாவது கேள்வி, "நாய் இருக்கா?" இரண்டுக்கும் 'ஆமா' சொல்கிறவனுக்கு வீடு கிடையாது.

இன்னும் சில்லறைத் தலைவலிகள் உண்டு. சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இல் அறிவித்தார்கள். ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்றால், ஸ்லீப்பரிலோ தேர்ட் ஏசி, செகண்ட் ஏசியிலோ நாயை ஏற்ற முடியாது. ஃபர்ஸ்ட் ஏசியில் ஒரு கூபே முழுவதையும் புக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டு. எங்களில் ஒருவனுக்கு அந்த செமஸ்டர் அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழே போனது. காரணம் கேட்ட ஹெச்ஓடியிடம் "அரியர் சார்" என்று சொல்லி, அது தனிக் கலவரம் ஆயிற்று.

அப்போ டீக்கடை அக்கா எப்படி வளர்க்கிறாங்க?

இங்கே ஒரு கேள்வி வரும். "அப்படின்னா பணக்காரன் மட்டும்தான் நாய் வளர்க்கணுமா?" நியாயமான கேள்வி. எங்கள் தெருமுனை டீக்கடை அக்கா மணி என்று ஒரு நாட்டு நாய் வளர்க்கிறார். மிச்ச சோறு, தயிர், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கிய எலும்பு. மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் இலவச முகாமில் ஊசி போட்டுவிடுகிறார். மணி கொழுகொழுவென்று இருக்கிறது.

ரொம்ப நாள் யோசித்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. அக்கா காலை 5 மணியிலிருந்து ராத்திரி 10 வரை அங்கேயே இருக்கிறார். மணிக்கு உடம்பு சரியில்லை என்றால் அரை மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். கிராமத்து வீடுகளிலும் அப்படித்தான். திண்ணையில் தாத்தா, அடுப்படியில் பாட்டி. வீடு காலியாக இருப்பதே இல்லை, கதவு பூட்டுவதும் இல்லை. அதனால்தான் அங்கே நாய் வளர்ப்பது யாருக்கும் செலவாகத் தெரிவதில்லை.

நாங்கள் ஆள் இல்லாத இடத்தைக் காசால் நிரப்பப் பார்த்தோம். டாக் ஹாஸ்டல், பாக்கெட் உணவு, கிளினிக், புதுக் கதவு எல்லாம் அதற்குக் கொடுத்த விலை. நாய்க்கு முதலில் வேண்டியது ஆள். அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாத நம்மிடம் இல்லாததும் அதுதான்.

கடைசியில் யார் கட்டினார்கள்?

அம்மா.

மே மாதம் ஒரு வாடகைக் காரில் 160 கிலோமீட்டர் போய் அரியரை விழுப்புரத்தில் விட்டேன். "ரெண்டு மாசம்தான்மா, வீடு கிடைச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றேன். அம்மா என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்கள் மூன்று பேரும் மாதம் ஆளுக்கு ஆயிரம் அனுப்பினார்கள். ப்ளேஸ்மென்ட் சீசன் வந்ததும் அது நின்றுவிட்டது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் படாத நாய்க்கு எத்தனை மாதம்தான் பணம் போகும்?

அம்மாவுக்கு வயது 53. மூட்டுவலி. முப்பது கிலோ நாய் செயினை இழுத்தால் அவரும் கூடவே ஓட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தபோது தனியாக ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரியும். போன மாதம் மதுரையில் சித்தி பெண் கல்யாணம். அம்மா வரவில்லை. "இவன விட்டுட்டு நான் எங்கடா வர்றது? நீ போய் மொய் வச்சிட்டு வந்துடு" என்றார். சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணம்.

எனக்கு புனேயில் வேலை. அரியருக்கு 11 வயது ஆகும்போது அம்மாவுக்கு 62 ஆகியிருக்கும். நான் ஒரு சனிக்கிழமை ஆசைப்பட்டதற்கு, அவர் இன்னும் ஒன்பது வருடம் ஊர் போகாமல் இருக்க வேண்டும்.

சரி, ஆசையை என்ன பண்றது?

ஆசை இருந்தால் முதலில் ஒரு டெஸ்ட் வையுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க மாதம் 4,000 ரூபாயை எடுத்துத் தனி அக்கவுன்ட்டில் போடுங்கள். தினமும் காலை 6 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்கள், சாயங்காலம் இன்னொரு அரை மணி. மழை, எக்ஸாம், ஐபிஎல் எதுவும் சாக்கு இல்லை. பாஸ் ஆனால், இன்னும் ஒரு கேள்வி: நீங்கள் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருப்பவர் யார்? அவர் வாயால் 'சரி' என்று சொன்னாரா, இல்லை அம்மாதானே என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்களா?

அதுவரை நாய்களோடு இருக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1959 இல் தொடங்கிய புளூ கிராஸ் கிண்டியில்தான் இருக்கிறது. தன்னார்வலராகப் போய் வார இறுதியில் வேலை செய்யலாம். இப்படிப்பட்ட காப்பகங்களில் நம்மைப் போன்றவர்கள் ஆசைப்பட்டு வாங்கிக் கைவிட்ட ஜாதி நாய்களையும் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் குட்டி போட்டோ வேறு மாதிரி தெரியும். வேலையில் நிலைத்த பிறகு வளர்க்க நினைத்தால் அங்கிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு நாட்டுக் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயில் அதற்குப் பழக்கம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று: ஊசி கோர்ஸை முடியுங்கள், நால்வரில் ஒருவர் பெயரில் முழுப் பொறுப்பையும் எழுதுங்கள், இரவோடு இரவாக எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

முதல் சம்பளம் வந்ததும் மாதம் 5,000 அம்மாவுக்கு அரியர் கணக்கில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அதோடு, நான் லீவில் வரும் நாட்களில் அவர் கட்டாயம் எங்காவது ஊர் போக வேண்டும் என்றும் சொன்னேன். நேற்று ராத்திரி போன் பண்ணினார். "அவன் ரெண்டு வேளையும் சாப்பிட்டான். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். பின்னாடி அரியர் குரைக்கும் சத்தம் கேட்டது.